வலப்பக்கத்து வால்வு

மொன்றியலில் இருந்து ஆற்றுக்கு அப்பால் லவாலுக்கு மெட்ரோ ஓடத் தொடங்கிய வருடம் அது. எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் யாரைப் பார்த்தாலும் லவால் கதைதான். அங்கே வளவு பெரிதாம், கராஜ் இரண்டாம், பக்கத்து வீட்டுக்காரன் இருமினால்கூடக் கேட்காதாம். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பக்கத்து வீட்டுக்காரன் இருமுவது கேட்காத ஊரில் மனுசர் என்னென்று சீவிப்பது?

நாங்கள் இருந்தது மொன்றியலுக்குள்ளேயே, வில்லரேயில், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வீடுகள் கொண்ட பழைய கட்டடத்தில். கீழ்வீட்டில் நானும் என் கணவரும். மேல்வீட்டில் அவருடைய அக்காவும் அக்காவின் புருசனும். இரண்டு குடும்பமும் சேர்ந்து வாங்கிய வீடு. அக்கா எனக்கு மச்சாள். அவளுடைய புருசனை என் கணவர் அத்தான் என்பார், நான் அண்ணை என்பேன். இங்கே குழப்பம் வேண்டாம், அத்தான் என்றே வைத்துக்கொள்கிறேன்.

மச்சாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த நாட்டுக்கு வந்த பிறகு நான் வயிறு நோகச் சிரித்ததெல்லாம் அவளோடுதான். வயதில் எனக்கு மூத்தவள், ஆனால் செத்த வீட்டில் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தக்கூடாது என்று சொந்தக்காரர்களுக்குள் ஒரு தீர்மானமே இருந்தது. அவள் லவாலுக்குப் போய்விட்டால் எனக்கு மொன்றியலில் ஆயிரம் தமிழர் இருந்தும் ஒருவரும் இல்லை. அந்தப் பயம்தான் எனக்கு அந்தக் குளிர்காலம் முழுக்க.

பயத்துக்குக் காரணம் இருந்தது. வீட்டுக்குச் சூடு தந்தது பேஸ்மென்டில் நின்ற பொயிலர். அது தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குழாய் வழியே இரண்டு வீட்டு ரேடியேட்டர்களுக்கும் அனுப்பும். ஆனால் அதைக் கூட்டவும் குறைக்கவும் இருந்த தெர்மோஸ்டாட் ஒன்றே ஒன்று, எங்கள் கீழ்வீட்டு ஹோலில். எங்களுக்கு அளவாக இருக்கும்போது மேலே கூரைக்குக் கீழே அவர்கள் விறைத்துக்கொண்டிருப்பார்கள். அப்போது மச்சாள் அகப்பைக் காம்பால் ரேடியேட்டர் குழாயில் தட்டுவாள். மெல்லத் தட்டினால் தேத்தண்ணி ரெடி, மேலே வா என்று அர்த்தம். ஓங்கி அடித்தால் குளிர், கூட்டு என்று அர்த்தம். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

அத்தானுக்குப் போதவில்லை. கோயிலில் முதல் வாசகம் வாசிப்பவர் அவர். கலியாண வீடோ, பிறந்தநாளோ, மைக் எங்கே இருக்கிறதோ அங்கே அவர் இருப்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற சாதி. நாலாவது காலைத் தூக்கிக் காட்டினால் அது வால் என்பார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் எங்கள் ஹோலுக்கு வந்து நின்று அறிவித்தார்.

"என்ர மனிசி குழாயில தட்டித் தட்டிச் சூடு கேக்கிறதோ? நாங்கள் என்ன பிச்சையே எடுக்கிறம்? குளிர் துவங்க முதல் மேல்வீட்டுக்குத் தனியச் சூடு வரவேணும். இல்லாட்டி லவால்தான். தரகர் ஒரு வீடு பாத்து வைச்சிருக்கிறார்."

மச்சாள் அவருக்குப் பின்னால் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினாள். வழமையாக அந்தக் கண் சிரிக்கும். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அடுத்த கிழமையே பிளம்பர் ஒருவர் போன்ஜூர் என்று வந்து, குழாய்களை அறுத்து, மேல்வீட்டுக் குழாயில் ஒன்றும் கீழ்வீட்டுக் குழாயில் ஒன்றுமாக இரண்டு சின்ன வால்வுகளைப் பூட்டினார். மேல்வீட்டுச் சுவரிலும் புதிதாக ஒரு தெர்மோஸ்டாட் ஏறியது. வயர் பூட்டுவது தன் வேலை இல்லை என்று மெர்சி சொல்லிப் போய்விட்டார். அதை என் கணவர் தானே செய்வதாகச் சொன்னார். அவர் ஓர் உடுப்புத் தொழிற்சாலையில் தையல் மெஷின் திருத்துகிறவர், வயர் அவருக்குப் புதிது இல்லை.

"லேசான வேலை," என்று எனக்கு விளங்கப்படுத்தினார். "மேல குளிர்ந்தால் மேல் தெர்மோஸ்டாட் தன்ர வால்வைக் கூப்பிடும். வால்வு மெல்ல எழும்பிக் கதவைத் திறக்கும். முழுக்கத் திறந்து முடிஞ்ச பிறகுதான் பொயிலருக்குச் சொல்லும், இனி நீ பத்து எண்டு. ஒரு வால்வுக்கு நாலு வயர். ரெண்டு கதவு திறக்க, ரெண்டு பொயிலருக்குச் சொல்ல."

"செய்து முடிச்ச பிறகுதான் வாய் திறக்குமோ? அப்ப ஆம்பிளையளை விட ஒழுங்கான சாமான்," என்றேன். அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை பின்னேரம் பேஸ்மென்டில் வேலை நடந்தது. என் கணவர் ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்தார். அத்தான் டோர்ச் பிடித்தார், அதாவது தலைமை தாங்கினார். நானும் மச்சாளும் தேத்தண்ணிக் கோப்பைகளோடு படிக்கட்டில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு வால்வுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எது மேல்வீட்டுக்குப் போகிறது என்று பார்த்து அதில் மேல்வீட்டு வயரைப் பூட்ட வேண்டும், அவ்வளவுதான். என் கணவர் குழாயைக் கையால் தடவிக்கொண்டே சுவர் வரைக்கும் போய்ப் பார்த்தார். மேலே ஏறியது இடப்பக்கத்துக் குழாய்.

அதற்குள் அத்தான் டோர்ச் வெளிச்சத்தை வலப்பக்கத்து வால்வில் அடித்தார். "இதுதான் எங்கட."

"அத்தான், இந்தக் குழாயைப் பாத்தீங்களெண்டால்..."

"தம்பி, நான் பாத்திட்டன். மூத்த வீடு வலப்பக்கம்."

வருடக்கணக்காகக் கோயிலில் வாசித்தவருக்கு, மதிப்பானவர்கள் எல்லாரும் வலப்பக்கத்தில்தான் வீற்றிருப்பார்கள். அந்தக் குழாயைப் பதித்தவன் வேதாகமம் படித்துவிட்டா பதித்திருப்பான் என்று அவர் யோசிக்கவில்லை. என் கணவராவது யோசித்ததைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்களில் அக்காவைக் கட்டியவரை மறுத்துக் கதைக்கிற வழக்கம் இல்லை. அதுவும் அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போது, அதுவும் என் முன்னால். பெண் கொடுத்த வீட்டுக்காரன் கொஞ்சம் குனிந்தே நடக்க வேண்டும் என்று அவருக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "ஓம் அத்தான்" என்று சொல்லி, தெரிந்துகொண்டே, மேல்வீட்டு வயரைக் கீழ்வீட்டு வால்விலும் கீழ்வீட்டு வயரை மேல்வீட்டு வால்விலும் வெகு நேர்த்தியாகப் பூட்டினார். ஆறுதலாகப் பிறகு வந்து தனியே மாற்றிவிடலாம் என்று மனதுக்குள் நினைத்தாராம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிய வந்தது. அன்றைக்கு நான் அவர் முதுகை மட்டும்தான் பார்த்தேன்.

மாற்றுவதற்கு அத்தான் இடம் வைக்கவில்லை. மறுநாள் ஞாயிறு பூசை முடிந்த கையோடு சுவாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டை ஆசீர்வதிப்பது தெரியும், காரை ஆசீர்வதிப்பது தெரியும், பொயிலரை ஆசீர்வதித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். எங்கள் சுவாமியார் தீர்த்தத்தில் கஞ்சத்தனம் பார்க்காதவர். வயர் பெட்டியில் தண்ணீர் விழுந்தபோது என் கணவர் கண்களை இறுக்க மூடினார். பக்தி என்று எல்லாரும் நினைத்தோம். சுவாமியார் போனதும் அத்தான் ஒரு குருத்தோலைச் சிலுவையைக் கொண்டுவந்து வயர் பெட்டியின் மூடிக்குக் குறுக்கே டேப் போட்டு ஒட்டினார்.

"ஆசீர்வதிச்ச சாமான். இனி ஒருத்தரும் இதில கை வைக்கப்படாது."

சிலுவையைப் பிய்த்தால்தான் மூடியைத் திறக்கலாம். என் கணவர் பிய்க்கிற சாதி இல்லை.

மார்கழியில் உண்மையான குளிர் வந்தது. மேலே குளிர்ந்ததும் அத்தான் தன் தெர்மோஸ்டாட்டைக் கூட்டினார். எங்கள் வீடு சூடாகியது. எங்களுக்கு வேர்க்க, நான் என்னுடையதைக் குறைத்தேன். மேலே இன்னும் குளிர்ந்தது. அவர் இன்னும் கூட்டினார். வெளியே மூக்கு உதிரும் குளிர். நான் பருத்திச் சட்டையோடு சமையலறை யன்னலைத் திறந்துவிட்டு, யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் நிற்பதுபோல நின்று விசிறிக்கொண்டிருந்தேன். தெர்மோஸ்டாட்டை அடியோடு குறைத்தும் பயனில்லை. மேலிருந்து குழாயில் விழுந்த அடியில் சுண்ணாம்பு உதிர்ந்தது.

என்னதான் நடக்கிறது என்று மேலே ஏறிப் போனேன். அத்தான் கோயிலுக்குப் போடும் நீளக் கோட்டும் கம்பளித் தொப்பியுமாகக் கதிரையில் இருந்தார். சுவரில் தெர்மோஸ்டாட் முள் இதற்கு மேல் போக இடமில்லாமல் நின்றது. ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன், மீன் வைக்கிற ஐஸ் பெட்டிதான். "லவால் வீட்டில புது பொயிலராம்," என்றார் அத்தான், என்னைப் பார்க்காமல்.

கீழே வந்ததும் என் கணவரைப் பிடித்தேன். "இஞ்சேருங்கோ, மேல கூட்டினா கீழ ஏன் வேர்க்குது?"

அவர் தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். "மாறிப் பூட்டிக் கிடக்கு."

"ஆர் பூட்டினது?"

"நான்தான். அத்தான் சொன்னவர்."

"உங்களுக்குப் பிழையெண்டு தெரியாதோ?"

"தெரியும். பேந்து ஆறுதலா மாத்துவம் எண்டு இருந்தனான். அதுக்கிடையில சுவாமியார் வந்திட்டார்."

எனக்கு வந்த கோபத்தில் அந்த வீட்டுக்குப் பொயிலரே தேவைப்பட்டிருக்காது. ஆனால் கத்தியும் பலனில்லை. உண்மையைச் சொன்னால், தான் டோர்ச் அடித்துக் காட்டிய வால்வு பிழை என்று மனைவிக்கும் மச்சானுக்கும் சுவாமியாருக்கும் முன்னால் தெரிந்துவிட்ட வெட்கத்தில் அத்தான் லவாலுக்குப் போவார். சொல்லாவிட்டால் குளிர் தாங்காமல் லவாலுக்குப் போவார். தரகர் வேறு சனிக்கிழமைகளில் ஃபோன் எடுத்துக்கொண்டே இருந்தார்.

மச்சாளுக்குச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது காதுக்குள் சொன்னேன். முருங்கைக்காயைப் பிடித்தபடியே அவள் நிலத்தில் குந்திவிட்டாள். மயக்கம் என்று நினைத்துக் கடைக்காரர் தண்ணீர் கொண்டு ஓடி வந்தார்.

"அப்ப இந்த மனுசன் இவ்வளவு நாளும் உங்களுக்கோ சூடு ஏத்தினது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "கோட்டும் போட்டுக்கொண்டு!"

அங்கேயே திட்டம் போட்டோம். அவளுடைய வீட்டுச் சூடு என் சுவரில், என் வீட்டுச் சூடு அவள் சுவரில். அத்தான் தன் தெர்மோஸ்டாட்டைக் கூட்டினால் மச்சாள் குழாயில் தட்ட வேண்டும், உடனே நான் என்னுடையதைக் கூட்ட வேண்டும். மேலே சூடு வரும், அத்தான் தானே வரவழைத்ததாக நினைப்பார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மச்சாள் அவர் கூட்டியதை மெல்லக் குறைத்துவிடுவாள், நாங்கள் வேகாமல் தப்புவோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் எங்கள் இருவருக்கும் அதைவிட இன்பமான வேலை வேறு கிடைத்திருக்காது.

திட்டம் பலித்தது. அத்தான் முள்ளைத் திருப்புவார், ரேடியேட்டர் கொஞ்ச நேரத்தில் முனகத் தொடங்கும், அவர் கோட்டைக் கழற்றுவார். "ஆசீர்வாதம் எண்டால் இதுதான். முதல் கொஞ்சம் முரண்டு பிடிச்சது, இப்ப பழகியிட்டுது," என்று நாயைச் சொல்வதுபோலச் சொன்னார். நான்தான் அந்த நாய். மீன் பொரியும்போது தட்டுக் கேட்கும், ஓடுவேன், மீன் கருகும். ஒரு தரம் தலை முழுகிக்கொண்டிருந்தபோது கேட்டு, நுரை வழிய ஹோலுக்கு ஓடினேன். என் கணவர் ரி.வி. பார்த்துக்கொண்டு பேசாமல் காலைத் தூக்கி வழி விட்டார்.

நத்தார்ப் பண்டிகை கழிந்ததும் அத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை. கோயில் ஆட்கள் சிலரைச் சாப்பிடக் கூப்பிட்டு, எல்லாரையும் ரேடியேட்டரைச் சுற்றி நிறுத்தினார்.

"தொட்டுப் பாருங்கோ. இப்ப குளிர். இனி நான் இதைத் திருப்புறன். என்ன நடக்குது எண்டு பாருங்கோ."

திருப்பினார். மச்சாள் சமையலறைக்குள் போய்த் தட்டினாள். நானோ மூலையில் இருந்த தெபனர் கடையில் பால் வாங்க நின்றேன். பதில் இல்லாமல் அவள் தட்டினாள், தட்டினாள், வந்தவர்களுக்குக் கேட்காமல் இருக்கப் பாத்திரங்களையும் போட்டு உருட்டினாள். பிறகு பற்றிஸ் கொண்டுவந்து வைத்தாள். அது முடிய ரோல்ஸ், அது முடிய கட்லட். ஒரு கையில் பற்றிஸும் மறு கையில் குளிர்ந்த இரும்புமாக விருந்தாளிகள் நின்றார்கள். நான் பாலோடு கதவைத் திறந்தபோது எங்கள் வீட்டுக் குழாய் கோயில் மணிபோல அடித்துக்கொண்டிருந்தது. பனிச் சப்பாத்தோடு ஹோல் முழுக்க ஈரமாக்கி ஓடினேன்.

அத்தான் கொஞ்சமும் பதறவில்லையாம். ரேடியேட்டர் சூடாகும்வரை பொறுமை என்ற புண்ணியத்தைப் பற்றிப் பேசினாராம். மச்சாள் அதை நடித்துக் காட்டியபோது எனக்குக் கன்னம் நொந்தது.

ஒன்று மட்டும் எங்கள் பிடிக்குள் வரவில்லை. அத்தான் ஒரு பண்டகசாலையில் வேலை, விடிய முதலே போகிறவர். போகும்போது தெர்மோஸ்டாட்டை நன்றாகக் கூட்டிவிட்டுப் போவார். மச்சாள் அந்த நேரம் நித்திரை. ஆகவே நாங்கள் வேலைக்கு எழும்பும்போது எங்கள் வீடு இதமாக இருக்கும். அந்த இதத்தில் முகம் கழுவிக்கொண்டு நான் அவரைத் திட்டுவேன். வீட்டை விட்டு வெளிக்கிடுகிற மனுசனுக்கு எதற்குச் சூடு? சும்மா ஆட்சி செலுத்துகிற ஆசை.

பனி உருகத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை தரகர் நேரிலேயே வந்துவிட்டார். அத்தான் எங்களையும் மேலே வரச் சொன்னார். கதை முடிந்தது என்று நினைத்தேன். மச்சாள் தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். தரகர் லவால் வீட்டின் வளவை, கராஜை, புது பொயிலரை எல்லாம் சொல்லி முடித்தார். அத்தான் முழுவதையும் கேட்டுவிட்டு, "வேண்டாம்," என்றார். "எங்களுக்கு இஞ்ச வேலை கிடக்கு." தரகர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். என்ன வேலை என்று அத்தான் சொல்லவில்லை.

தரகர் போன பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "ஏன் மூண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?"

மச்சாள் தட்டை விடாமல் கேட்டாள். "குளிர் எண்டு சொல்லித்தானே போகப் போறன் எண்டு நிண்டனீங்கள்?"

"குளிர் எப்பவோ போட்டுதே. நீ கீழ தட்டுறாய், அவ கூட்டிறா, எனக்கு வருகுது."

மச்சாள் என்னைப் பார்த்தாள், நான் என் கணவரைப் பார்த்தேன்.

"முதல் கிழமையே தெரியும்," என்றார் அத்தான். "நான் கூட்டக் கூட்ட மேல விறைக்குது. வேலையால வந்து பாத்தால் கீழ யன்னல் திறந்து திரைச்சீலை வெளியால பறக்குது. உந்தக் குளிருக்குள்ள ஆர் யன்னல் திறப்பினம்? பேந்து நீங்கள் ரெண்டு பேரும் தட்டுறதும் ஓடுறதும் துவங்கினியள். எனக்கு நல்ல பம்பலாக் கிடந்தது, எனக்குள்ள சிரிச்சுக்கொண்டு இருந்தனான். கோயில் ஆக்கள் வந்த அண்டைக்குத்தான் கொஞ்சம் பாவமா இருந்தது, அவ்வளவு பற்றிஸும் முடிஞ்சுபோச்சு."

மூன்று மாதம் நாங்கள் அவரை ஆட்டிவைத்ததாக நினைத்தோம். அந்த மனுசன் ஒரு விரலால் முள்ளைத் திருப்பி எங்கள் இருவரையும் மேலும் கீழும் ஓடவிட்டிருக்கிறார். குறும்பில் எனக்குச் சமமாக மச்சாள் ஒருத்திதான் என்ற என் எண்ணம் அந்த இடத்திலேயே மண்ணாகியது.

"அப்ப ஏன் அண்ணை சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

அவர் என் கணவரின் தோளில் கையைப் போட்டார். "எப்பிடிப் பிள்ளை சொல்லுறது? தம்பி பிழையாப் பூட்டிப்போட்டான். உம்மட முன்னால அவனைக் குறைச்சுக் கதைக்கேலுமே? என்ர மனிசியின்ர தம்பியெல்லே."

எனக்கு வாய்வரை வந்துவிட்டது. வலப்பக்கம் என்று டோர்ச் அடித்தது யார் என்று கேட்க நாக்கு எழும்பிய அதே நேரத்தில் என் கணவரின் குதிக்கால் என் கால் பெருவிரலில் ஏறியது. "ஓம் அத்தான், என்ர பிழைதான்," என்றார், முகத்தில் ஒரு கோடுகூட மாறாமல். "இப்ப மாத்தி விடட்டோ?"

"ஆசீர்வதிச்ச சாமான். கிடக்கட்டும்."

நான் காலை இழுத்துக்கொண்டு, கோபம் இன்னும் ஆறாமல் கேட்டேன். "எல்லாம் தெரிஞ்சுகொண்டோ விடிய விடியக் கூட்டிப்போட்டு வேலைக்குப் போனனீங்கள்? உங்களுக்கு அதில ஒரு சொட்டுச் சூடும் வராதே?"

அத்தான் முதல்முறையாகச் சொல் தேடினார். மைக் இல்லாத இடத்தில் நிற்பவர்போலக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"நீங்கள் ரெண்டு பேரும் வேலைக்கு எழும்பிற நேரமெல்லோ அது," என்றார். "நாங்கள் லவாலுக்குப் போனால் கீழ்வீட்டை ஆர் சூடாக்கிறது, பிள்ளை?"

சேர்ந்து சிரிப்பதற்காக மச்சாளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு, கிட்டப் போய், அந்த மனுசனின் சட்டைக் கொலரை, அது ஒழுங்காகத்தான் இருந்தது, மெல்ல இழுத்துச் சரிசெய்தாள்.